அல்அஸ்ஹரின் ரிவாக்குகள்: ஒரே முற்றத்தில் பல தேசங்கள்

உலகின் பல பல்கலைக்கழகங்களில் இன்று ஆண்டுக்கொரு நாள் கலாசாரப் பன்மையைக் கொண்டாடுவதற்கென ஒதுக்கப்படுகின்றது. அன்று பல்வேறு நாடுகளையும் இனங்களையும் சேர்ந்த மாணவர்கள் தத்தம் பாரம்பரிய உடையணிந்து வருவர். தம் ஊர் உணவைச் சமைத்துப் பரிமாறுவர். தம் கலைகளை மேடையேற்றுவர். இது வரவேற்கத்தக்க வழக்கமே. ஒருவர் மற்றவரை அறிந்துகொள்வதற்கான முதற்படி பெரும்பாலும் இத்தகைய எளிய சந்திப்புகளிலிருந்தே தொடங்குகின்றது. ஆயினும் ஒரு கேள்வி எஞ்சி நிற்கின்றது. மாலையில் கூடாரங்கள் அகற்றப்பட்ட பின்னர் அம்மாணவர்களின் மொழிக்கும் மரபுக்கும் அவ்வளாகத்தில் இருக்கும் இடம் யாது? எஞ்சிய நாட்களில் அவர்கள் தம்மை மறைத்துக்கொண்டு பெரும்பான்மையுடன் கரைந்து போகவேண்டுமா? அல்லது தம்மவருடன் மட்டும் ஒதுங்கி வாழவேண்டுமா?

இக்கேள்வி முஸ்லிம்களின் கல்வி வரலாற்றுக்குப் புதியதன்று. கெய்ரோவிலுள்ள அல்அஸ்ஹர், மொரோக்கோ முதல் ஜாவா வரையிலான நாடுகளிலிருந்து வந்த மாணவர்களைப் பல நூற்றாண்டுகளாக ஒரே கூரையின் கீழ் வைத்துக் கற்பித்து வந்துள்ளது. இதற்கென அங்கு ஒரு தனித்துவமான ஏற்பாடு வளர்ந்தது. அதுவே 'ரிவாக்' எனப்படும் மாணவர் உறைவிட முறையாகும். அதன் தோற்றத்தையும் அமைப்பையும், அது சாதித்தவற்றையும் சறுக்கிய இடங்களையும் இக்கட்டுரையில் சுருக்கமாக நோக்குவோம்.

தோற்றம்

பாத்திமியத் தளபதி ஜவ்ஹர் அஸ்ஸிகில்லி 969இல் கெய்ரோ நகரை நிறுவினார். அடுத்த ஆண்டு அல்அஸ்ஹர் பள்ளிவாசலுக்கு அடித்தளமிடப்பட்டது. ஹி. 361 ரமழானில் (972) அங்கு முதலாவது ஜும்ஆத் தொழுகை நடைபெற்றது. 975இல் காழி அலீ இப்னு அந்நுஃமான் அங்கு சட்டப் பாடம் நடத்தத் தொடங்கினார். ஹி. 378 (988) அளவில் வஸீர் யஃகூப் இப்னு கில்லிஸின் முயற்சியால் முப்பத்தைந்து சட்ட அறிஞர்கள் அங்கு நியமனம் பெற்றனர். கலீஃபா அல்அஸீஸ் அவர்களுக்கு மாதாந்தக் கொடுப்பனவும், பள்ளிவாசலை அடுத்து வசிப்பதற்கு வீடும் ஏற்பாடு செய்தார். கல்வியையும் அதனைப் பெறவும் வழங்கவும் வருவோரின் உணவு, உறைவிடம் ஆகியவற்றையும் ஒருங்கே சிந்திக்கும் மரபின் வித்து இங்கேயே இடப்பட்டுவிட்டது எனலாம்.

1171இல் பாத்திமிய ஆட்சி முடிவுற்றது. அல்அஸ்ஹரில் ஜும்ஆக் குத்பா ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு நின்று போயிருந்தது. சுல்தான் பைபர்ஸின் காலத்தில், 1266இல், அது மீண்டும் தொடங்கியது. இடைப்பட்ட காலத்தில் முஸ்லிம் உலகின் அறிவு வரைபடமே மாறிவிட்டிருந்தது. 1236இல் குர்துபா வீழ்ந்தது. 1258இல் மங்கோலியர் பக்தாதை அழித்தனர். மேற்கிலும் கிழக்கிலும் அடைக்கலமிழந்த அறிஞர்களும் மாணவர்களும் கெய்ரோவை நாடி வந்தனர். மேற்கு ஆபிரிக்காவிலிருந்தும் மஃரிபிலிருந்தும் ஹஜ்ஜுக்குச் செல்வோரின் பாதையும் எகிப்து வழியாகவே அமைந்திருந்தது. அவர்களுள் பலர் கல்வியின் பொருட்டு அங்கேயே தங்கினர். டியூனிஸில் பிறந்த இப்னு கல்தூன் 1383இன் தொடக்கத்தில் கெய்ரோவை வந்தடைந்து அல்அஸ்ஹரில் பாடம் நடத்தியமை இப்பெருவரவின் ஓர் அங்கமேயாகும்.

ரிவாக்: சொல்லும் பொருளும்

'ரிவாக்' என்ற அறபுச் சொல் தூண்களாற் சூழப்பட்ட கூடத்தைக் குறிக்கும். பள்ளிவாசலின் முற்றத்தைச் சுற்றியமைந்த இத்தகைய கூடங்களில் தூரதேசத்து மாணவர்கள் தங்கத் தொடங்கினர். ஒரே ஊரவர் ஒரே இடத்தில் தங்குவது இயல்பாதலால், காலப்போக்கில் ஒவ்வொரு பகுதியும் அங்கு தங்கியோரின் பெயரால் வழங்கலாயிற்று. பின்னர் தனி அறைகளும் மாடிகளும் கட்டப்பட்டன. 'ரிவாக்' என்ற சொல்லும் கட்டடத்தின் பெயராக மாத்திரம் நில்லாது, அதில் வாழும் மாணவர் சமூகத்தையும் குறிக்கலாயிற்று. அவ்வாறு தங்கிப் பயில்வோர் 'முஜாவிர்' என அழைக்கப்பட்டனர். அண்டி வாழ்பவர், அயலவர் என்பது இச்சொல்லின் பொருளாகும்.

இம்முறைக்கான தெளிவான பழைய சான்றுகளுள் ஒன்றை வரலாற்றாசிரியர் அல்மக்ரீஸியின் 'கிதத்' நூலில் காண்கின்றோம். ஹி. 818இல் (1415) அல்அஸ்ஹரில் தங்கியிருந்தோர் எழுநூற்றைம்பது பேர் என அவர் குறிப்பிடுகின்றார். அவர்களுள் அஜமியரும், ஆபிரிக்கக் கொம்புப் பகுதியின் ஸைலஃ நாட்டவரும், எகிப்தின் கிராமத்தவரும், மஃரிப் நாட்டவரும் இருந்தனர். ஒவ்வொரு குழுவினருக்கும் அவரவர் பெயரால் அறியப்பட்ட ரிவாக் இருந்தது என்கிறார் அவர். அதே ஆண்டில் பள்ளிவாசலுக்குப் பொறுப்பாக வந்த ஓர் அமீர், மாணவர் எவரும் அங்கு தங்கக்கூடாதெனக் கட்டளையிட்டு, அவர்களின் பெட்டிகளையும் புத்தக அலுமாரிகளையும் வெளியேற்றினார். இச்செயலை மக்ரீஸி வேதனையுடனேயே பதிவு செய்கின்றார். தங்குமிடம் இல்லையெனில் ஏழை மாணவனுக்கும் பரதேசிக்கும் கல்வியும் இல்லை என்பதை அன்றைய அறிஞர்கள் நன்குணர்ந்திருந்தனர்.

வெளியேற்றம் நிலைக்கவில்லை, ரிவாக்குகள் மேலும் பெருகின. ஷாம் நாட்டவரினதும் மஃரிப் நாட்டவரினதும் ரிவாக்குகளுடன் மம்லூக் சுல்தான் காயித்பாயின் (1468–1496) பெயர் இணைந்துள்ளது. 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அப்துர் ரஹ்மான் கத்குதா அல்அஸ்ஹரைப் பெரிதும் விரிவாக்கி, மேல் எகிப்து மாணவர்களுக்கென 'ரிவாகுஸ் ஸஆயிதா'வை அமைத்தார். அதே நூற்றாண்டில் பார்வையற்ற மாணவர்களுக்கெனவும் பள்ளிவாசலை அடுத்துத் தனியான ஸாவியா எழுந்தது. 19ஆம் நூற்றாண்டில் அலீ முபாரக் தரும் விவரங்களை நோக்கினால், துருக்கியர், ஷாமியர், மஃரிபியர், குர்தியர், யமனியர், ஹரமைன் வாசிகள், பக்தாதியர், இந்தியர், ஜாவாவினர், ஜபர்த் நாட்டவர், போர்னு நாட்டவர், தக்ரூர் நாட்டவர் எனப் பல சமூகத்தவருக்கும் ரிவாக்குகள் இருந்தமை தெரியவருகின்றது. எகிப்தின் மாகாணங்களுக்கும், ஹனஃபி, ஹன்பலி மத்ஹபினருக்கும் தனி ரிவாக்குகள் இருந்தன.

ரொட்டியும் வக்ஃபும்

ரிவாக்கின் உயிர்நாடி வக்ஃபு ஆகும். ஆட்சியாளர், வணிகர், செல்வந்தப் பெண்மணிகள், முன்னாள் மாணவர்கள் எனப் பலரும் வீடுகளையும் கடைகளையும் நிலங்களையும் குறித்த ஒரு ரிவாக்கின் பெயரில் வக்ஃபு செய்தனர். அவற்றின் வருமானத்திலிருந்து மாணவர்களுக்கு 'ஜிராயா' எனப்படும் ரொட்டிப் பங்கு வழங்கப்பட்டது. ஒவ்வொரு ரிவாக்கிற்கும் அச்சமூகத்தைச் சேர்ந்த ஒரு ஷெய்க் இருந்தார். அவருக்கு உதவியாக நகீப் ஒருவர் பணியாற்றினார். புதிதாக வருபவனைப் பதிவதும், ரொட்டியைப் பங்கிடுவதும், பிணக்குகளைத் தீர்ப்பதும், அதிகாரிகளிடம் தம் மாணவர்களுக்காகப் பேசுவதும் ஷெய்கின் பொறுப்புகளாயின. பல ரிவாக்குகளுக்குச் சொந்த நூலகங்களும் இருந்தன.

இவ்வேற்பாட்டின் பயனை ஒரு மாணவனின் நிலையிலிருந்து சிந்தித்துப் பார்ப்போம். சுமாத்ராவிலிருந்தோ சாட் ஏரிக்கரையிலிருந்தோ புறப்பட்ட ஓர் இளைஞன் பல மாதப் பயணத்தின் பின்னர் கெய்ரோவை அடைகின்றான். அறபு இலக்கணம் கற்றிருப்பினும் சந்தையில் பேசப்படும் எகிப்திய அறபு அவனுக்கு விளங்குவதில்லை. உணவும் காலநிலையும் வேறு. ஆனால் அல்அஸ்ஹரின் வாயிலைக் கடந்ததும் அவனுடைய தாய்மொழியில் நலம் விசாரிக்கும் ஒருவர் இருக்கின்றார். அவனுக்கென ரொட்டிப் பங்கும் படுக்க இடமும் உண்டு. மூத்த மாணவர்கள் அன்றைய பாடத்தை அவன் மொழியில் மீட்டிச் சொல்கின்றனர். தன் ஊரின் பேச்சையும் பழக்கத்தையும் கைவிட்டால்தான் இங்கு தங்கலாம் என எவரும் அவனிடம் கூறவில்லை. அவனுடைய அந்நியத்தன்மை அங்கே ஒரு குறையாகக் கருதப்படாமல் முறையான உரிமையொன்றுக்கு அடிப்படையாயிற்று.

பொது முற்றம்

எனினும் ரிவாக் என்பது உறைவதற்கும் உண்பதற்கும் மீட்டிப் படிப்பதற்குமான இடமே. அறிவு வழங்கப்பட்ட இடம் ஹல்கா எனப்படும் பாட வட்டமாகும். ஆசிரியர் பள்ளிவாசலின் ஒரு தூணருகே அமர்வார். மாணவர்கள் அவரைச் சூழ்ந்திருப்பர். எந்த ரிவாக்கைச் சேர்ந்தவரும் எந்த ஆசிரியரின் வட்டத்திலும் அமரலாம். அங்கு மொழி அறபு, அளவுகோல் அறிவு. அருகருகே அமர்ந்திருப்போர் இருவரும் வெவ்வேறு தாய்மொழி பேசுபவராக இருக்கலாம். இருவர் முன்னிலையிலும் இருப்பது ஒரே நூலே. அதிகாலை முதல் இரவு வரை இவ்வட்டங்கள் நடந்தன. உறைவிடத்தில் தனித்துவமும் கல்வியில் பொதுமையும் என்ற இப்பகுப்பிலேயே அல்அஸ்ஹர் முறையின் சாரம் அடங்கியுள்ளது என்பது நமது கருத்தாகும்.

மத்ஹபுகளின் விடயத்திலும் இதே போக்கைக் காண்கின்றோம். அல்அஸ்ஹரில் ஷாபிஈ, மாலிகி, ஹனஃபி, ஹன்பலி ஆகிய நான்கு மத்ஹபுகளும் கற்பிக்கப்பட்டன. பதிவுகளிற் காணப்படும் முதலாவது ஷெய்குல் அஸ்ஹர் முஹம்மத் அல்கராஷி (ரஹ்) மாலிகி மத்ஹபைச் சேர்ந்தவர். 1768 முதல் 1778 வரை அப்பதவியை வகித்த அஹ்மத் அத்தமன்ஹூரி (ரஹ்) நான்கு மத்ஹபுகளையும் கற்று அவற்றில் ஃபத்வா வழங்கும் தகுதி பெற்றமையால் 'அல்மதாஹிபி' எனச் சிறப்பிக்கப்பட்டார். பிறரின் சட்ட மரபை அதன் ஆசிரியர்களிடமே பயின்று விளங்குவது அங்கு அறிஞனின் பெருமைக்குரிய அடையாளமாகக் கருதப்பட்டது.

அல்குர்ஆனின் அல்ஹுஜுராத் அத்தியாயம் 13ஆம் வசனம், மனிதர் பல சமூகங்களாகவும் கோத்திரங்களாகவும் ஆக்கப்பட்டமைக்கு ஒருவரையொருவர் அறிந்துகொள்வதை நோக்கமாகக் கூறி, மேன்மையின் அளவுகோலாக இறையச்சத்தை முன்வைக்கின்றது. அர்ரூம் அத்தியாயம் 22ஆம் வசனம் மொழிகளினதும் நிறங்களினதும் வேறுபாட்டை இறைவனின் அத்தாட்சிகளுள் ஒன்றாக எடுத்துரைக்கின்றது. வேறுபாடு அழிந்துவிட்டால் 'தஆருஃப்' என்ற பரஸ்பர அறிமுகத்திற்கு இடமில்லை. வேறுபட்டோர் சந்திக்கவே இல்லையெனினும் அதற்கு இடமில்லை. ரிவாக்கும் ஹல்காவும் இவ்விரு நிபந்தனைகளையும் ஒருங்கே நிறைவேற்றின.

1777: ஒரு சோதனை

பன்மைத்துவத்தின் உண்மை மதிப்பு விழாக்காலத்தைவிட நெருக்கடியிலேயே வெளிப்படும். 1777இல் நிகழ்ந்த ஒரு சம்பவத்தை வரலாற்றாசிரியர் அப்துர் ரஹ்மான் அல்ஜபர்தி விரிவாகப் பதிவு செய்துள்ளார். மஃரிப் நாட்டவர் ரிவாக்கிற்கு வக்ஃபு செய்யப்பட்டிருந்த ஒரு சொத்துத் தொடர்பாகப் பிணக்கொன்று எழுந்தது. நீதிமன்றத் தீர்ப்பு மாணவர்களுக்குச் சாதகமாக அமைந்தது. அதிகாரம் மிக்க மம்லூக் அமீரான யூசுப் பேக் அதை ஏற்க மறுத்து, ரிவாக்கின் ஷெய்கைக் கைது செய்ய ஆளனுப்பினார். மாணவர்கள் அதனைத் தடுத்தனர்.

இங்கு நாம் கவனிக்க வேண்டியது, அம்மாணவர்களுக்காக முன்வந்தவர் யார் என்பதாகும். அவர் மஃரிப் நாட்டவர் அல்லர். மேல் எகிப்தின் பனூ அதீயில் பிறந்த மாலிகி முஃப்தியும், ஸஆயிதா ரிவாக்கின் ஷெய்குமான அஹ்மத் அத்தர்தீர் (ரஹ்) ஆவார். அறிஞர்களுடன் மோதவேண்டாம் என அவர் அமீருக்குக் கடிதம் எழுதினார். கடிதத்தைக் கொண்டு சென்றோர் சிறைப்படுத்தப்பட்டனர். உடனே அல்அஸ்ஹரின் வாயில்கள் மூடப்பட்டன. பாடங்களும் பாங்கோசையும் நின்றன. அயலிலிருந்த கடைவீதிகளும் அடைக்கப்பட்டன. இறுதியில் அமீர்கள் இணக்கத்துக்கு வரவேண்டியதாயிற்று. அந்நிய நாட்டு மாணவர் சிலரின் சொத்துரிமைக்காக முழுப் பல்கலைக்கழகமும் அதனைச் சூழ்ந்த நகர்ப்பகுதியும் எழுந்து நின்றன. தனித்தனி ரிவாக்குகளில் வாழ்ந்தோர் தம்மை ஒரே சமூகமாகக் கருதினர் என்பதற்கு இதனினும் வலுவான சான்று தேவையில்லை.

சறுக்கல்கள்

வரலாற்றை நேர்மையுடன் அணுகுவோர் மறுபக்கத்தையும் மறைத்தல் கூடாது. எல்லா ரிவாக்குகளும் சம வசதி படைத்தவையாக இருக்கவில்லை. செல்வர்களும் ஆட்சியாளர்களும் ஆதரித்த ரிவாக்குகள் செழித்தன. தொலைவிலிருந்து வந்த வறிய சமூகங்களின் ரிவாக்குகள் சிறியனவாகவே இருந்தன. ரொட்டிப் பங்கும் பதவிகளும் சில வேளைகளில் இன, மத்ஹபு மோதல்களுக்கு வழிகோலின. 1778இல் அத்தமன்ஹூரி (ரஹ்) காலமானபோது, அடுத்த ஷெய்குல் அஸ்ஹர் ஹனஃபி மத்ஹபினரான அப்துர் ரஹ்மான் அல்அரீஷியா, ஷாபிஈ மத்ஹபினரான அஹ்மத் அல்அரூஸியா என்ற சர்ச்சை மூண்டது. நான்கு மத்ஹபுகளிலும் தேர்ந்த ஒருவரின் மறைவையடுத்து மத்ஹபின் பெயரால் பிணக்கு எழுந்தமை வருந்தத்தக்கதே. இறுதியில் அல்அரூஸி (ரஹ்) பதவியேற்றார்.

1896இல் கெய்ரோவில் கொலரா பரவியபோது ஷாமியர் ரிவாக்கில் நோயுற்ற மாணவர் ஒருவரை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லச் சுகாதார அதிகாரிகள் வந்தனர். அங்கு சென்றோர் உயிருடன் திரும்புவதில்லை என்ற அச்சத்தில் தோழர்கள் எதிர்த்தனர். கல்வீச்சும் பொலிஸாரின் துப்பாக்கிப் பிரயோகமும் இடம்பெற்று உயிர்கள் பலியாயின, ரிவாக்கும் மூடப்பட்டது. அன்று எகிப்து பிரித்தானிய ஆக்கிரமிப்பின் கீழ் இருந்தமையால் அரசின் மீதான அவநம்பிக்கை ஆழமாயிருந்தது என்பது உண்மையே. எனினும், தன் நலனுக்கான ஒரு பொது ஏற்பாட்டைக்கூட ஐயத்துடன் நோக்கும் அளவுக்கு ஒரு குழு தனக்குள் ஒடுங்கிவிடும் அபாயத்தையும் இச்சம்பவம் உணர்த்துகின்றது. அடைக்கலம் தரும் சுவர் வெளியுலகை மறைக்கும் சுவராகவும் மாறிவிடக்கூடும்.

பெற்றதும் வழங்கியதும்

ரிவாக்குகளின் மெய்யான விளைவை அவற்றிலிருந்து எழுந்த மனிதர்களிலும் பணிகளிலும் காணலாம். மேலே குறிப்பிட்ட அல்ஜபர்தியே (1753–1825) இதற்கு முதல் உதாரணமாவார். அவருடைய முன்னோர் ஸைலஃவை அடுத்த ஜபர்த் பகுதியிலிருந்து வந்து ஜபர்த் ரிவாக்கின் ஷெய்குகளாகத் தலைமுறை தலைமுறையாகப் பணியாற்றியவர்கள். தந்தை ஹஸன் அல்ஜபர்தி கணிதத்திலும் வானியலிலும் புகழ்பெற்றவர். 1798இன் பிரெஞ்சுப் படையெடுப்பு உட்பட, எகிப்தின் மிக முக்கியமான ஒரு காலகட்டத்தை நமக்கு எழுதித் தந்தவர் ஆபிரிக்கக் கொம்பிலிருந்து வந்த ஒரு மாணவக் குடும்பத்தின் வழித்தோன்றல் என்பது சிந்தனைக்குரியது. குடும்பம் தன் பூர்வீகப் பெயரை விடவுமில்லை. எகிப்துக்கு அந்நியமாக நிற்கவுமில்லை.

ஜாவா ரிவாக்கும் குறிப்பிடத்தக்கது. 'ஜாவா' என்ற பொதுப்பெயரால் அங்கு அழைக்கப்பட்டோர் ஜாவா, சுமாத்ரா, மலாயா எனப் பல பகுதிகளைச் சேர்ந்தவர்கள். தாயகத்தில் ஒருசாரார் ஒல்லாந்தரின் கீழும் மறுசாரார் ஆங்கிலேயரின் கீழும் பிரிந்து கிடந்தனர். கெய்ரோவில் அவர்கள் ஒரே சமூகமாகச் சந்தித்தனர். இம்மாணவர்கள் 1925இல் 'ஸெருவான் அஸ்ஹர்' என்ற இதழை மலாய் மொழியில் கெய்ரோவிலிருந்து வெளியிட்டனர். சமயச் சீர்திருத்தமும் தாயகத்தின் எதிர்காலமும் அதில் விவாதிக்கப்பட்டன. தம் மண்ணிலிருந்து நெடுந்தொலைவிலுள்ள ஒரு கல்வி வளாகத்திலேயே அவர்கள் தம்மை ஒரு மக்களாகக் காணும் வாய்ப்பைப் பெற்றனர்.

1931இல் சீனாவின் யுனான் மாகாணத்தைச் சேர்ந்த மா ஜியான் (1906–1978) அல்அஸ்ஹருக்கு வந்தார். அறபுலகில் அவர் முஹம்மத் மகீன் என அறியப்பட்டார். கெய்ரோவில் மாணவராக இருந்தபோதே கன்ஃபூசியஸின் உரையாடல் தொகுப்பை அறபியில் மொழிபெயர்த்தார். அது 1935இல் அங்கேயே வெளியாயிற்று. நாடு திரும்பியபின் அல்குர்ஆனைச் சீன மொழியில் பெயர்த்தார். அவருடைய அம்மொழிபெயர்ப்பு சீன முஸ்லிம்களிடையே இன்றும் பரவலாக வாசிக்கப்படுகின்றது. தன் மரபின் சிறந்ததை வந்த இடத்துக்கு வழங்கி, வந்த இடத்தின் சிறந்ததைத் தன் மக்களுக்கு எடுத்துச் சென்ற இம்மாணவரின் வாழ்வு, கலாசாரப் பரிமாற்றம் என்ற சொல்லுக்கு முழுமையான விளக்கமாகும்.

1952இல் ஷெய்குல் அஸ்ஹர் பதவிக்கு முஹம்மத் அல்கிள்ர் ஹுஸைன் (ரஹ்) நியமிக்கப்பட்டார். அவர் டியூனீசியாவின் நஃப்தா நகரிற் பிறந்தவர். வெளிநாட்டிலிருந்து குடியேறிய ஓர் அறிஞர் அந்நாட்டின் அதியுயர் சமயக் கல்விப் பீடத்திற்குத் தலைமை தாங்க முடிந்தது. விருந்தினர் தலைவராகவும் வரக்கூடிய இடமே உண்மையான பொது இடம் எனலாம்.

நமக்குள்ள தொடர்பு

தமிழ் பேசும் முஸ்லிம்களுக்கும் இவ்வரலாற்றுடன் தொடர்பு உண்டு. இளமையில் அல்அஸ்ஹரிற் பயின்ற அஹ்மத் உறாபி பாஷா, 1882இன் எகிப்தியப் புரட்சி தோல்வியுற்றதும் இலங்கைக்கு நாடுகடத்தப்பட்டு 1883 முதல் 1901 வரை இங்கு வாழ்ந்தார். அறிஞர் சித்திலெப்பையும் வாப்பிச்சி மரிக்காரும் மேற்கொண்ட கல்வி முயற்சிகளுக்கு அவர் ஊக்கமளித்தார். அம்முயற்சிகளின் விளைவாக 1892இல் கொழும்பில் மத்ரஸதுஸ் ஸாஹிரா தோன்றியது. அதுவே பின்னர் ஸாஹிராக் கல்லூரியாக வளர்ந்தது. இலங்கையிலிருந்தும் தமிழகத்திலிருந்தும் அல்அஸ்ஹருக்குச் சென்று கற்றுத் திரும்பியோர் நம்மிடையே உள்ளனர்.

நூல்களின் பயணத்திலும் இதே உறவைக் காண்கின்றோம். மலபாரின் பொன்னானியைச் சேர்ந்த ஸைனுத்தீன் (ரஹ்) 16ஆம் நூற்றாண்டில் எழுதிய 'ஃபத்ஹுல் முஈன்' ஷாபிஈ மத்ரஸாக்களில் கடல் கடந்தும் பாடநூலாயிற்று. அதற்குப் புகழ்பெற்ற விரிவுரையான 'இஆனதுத் தாலிபீனை' எழுதிய ஸெய்யித் பக்ரீ (ரஹ்) எகிப்தின் திம்யாத்தைப் பூர்வீகமாகக் கொண்டு மக்காவில் வாழ்ந்தவர். 'ஃபத்ஹுல் முஈனின்' மூலபாடத்துக்கு உரை வரைந்தவர் ஜாவாவின் நவவி அல்பந்தானி (ரஹ்). மலபார், மக்கா, ஜாவா ஆகியன ஒரே நூல் மரபின் பக்கங்களில் சந்திக்கின்றன.

மாற்றங்கள்

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முஹம்மத் அலீ பாஷா வக்ஃபு நிலங்களை அரசின் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தபோது ரிவாக்குகளின் வருமானம் சுருங்கியது. மாணவரின் ரொட்டியும் குறைந்தது. அந்நூற்றாண்டின் இறுதியில் இமாம் முஹம்மத் அப்துஹு (ரஹ்) போன்றோரின் சீர்திருத்தங்கள் நிருவாகத்தை ஒழுங்குபடுத்தின. ரிவாக்குகளில் சிதறிக் கிடந்த நூற்தொகுதிகளைத் திரட்டி 1897இல் பொது நூலகம் நிறுவப்பட்டது. 1959இல் வெளிநாட்டு மாணவர்களுக்கென 'மதீனதுல் புஊஸ் அல்இஸ்லாமிய்யா' என்ற விடுதி நகரம் திறக்கப்பட்டது. 1961ஆம் ஆண்டின் 103ஆம் இலக்கச் சட்டம் மருத்துவம், பொறியியல் முதலிய பீடங்களுக்கும் பெண்களின் உயர்கல்விக்கும் வழி திறந்தது. பழைய ரிவாக்குகள் உறைவிடமாக இருந்த காலம் முடிவுற்றது. எனினும் அண்மைக் காலத்தில் அல்அஸ்ஹர் பள்ளிவாசலில் பொதுமக்களுக்கென நடாத்தப்படும் பாட வகுப்புகளுக்கு ரிவாக் என்ற பெயரே மீண்டும் சூட்டப்பட்டுள்ளது. பல நாட்டு மாணவர்களும் இன்றும் அங்கு வந்து பயில்கின்றனர்.

எடுத்துக்கொள்ள வேண்டியவை

பழைய ஏற்பாட்டை அப்படியே மீட்டெடுக்க வேண்டுமென நாம் கூறவில்லை. இன்றைய பல்கலைக்கழகத்தில் இனவாரியாக விடுதிகளைப் பிரிப்பது புதிய தீமைகளுக்கும் வழிவகுக்கலாம். ஆயினும் அதன் அடிப்படைகள் மூன்று நம் சிந்தனைக்குரியன.

முதலாவது, பன்மைத்துவத்துக்கு அன்றாட வாழ்வில் ஒரு பொருளாதாரத் தளம் தேவை. ஒரு மாணவனின் உணவு முறைக்கும் வழிபாட்டுக்கும் மொழிக்கும் ஆண்டு முழுதும் இடமில்லாத வளாகத்தில் ஒருநாள் விழா வெறும் காட்சியாகவே எஞ்சும். வறிய மாணவர்களுக்காக நம் முன்னோர் செய்த வக்ஃபுகளை மீண்டும் கல்வியின் பக்கம் திருப்புவது நம் செல்வந்தர்களின் கவனத்துக்குரியது.

இரண்டாவது, தனியிடம் பொது முற்றத்தை நோக்கித் திறந்திருத்தல் வேண்டும். பல்கலைக்கழகம் செல்லும் நம் பிள்ளைகள் தம் தொழுகையையும் ஒழுக்கத்தையும் பேணுவதற்கு முஸ்லிம் மாணவர் அமைப்புகள் துணைபுரிகின்றன. அவ்வமைப்புகள் ஒதுங்கி வாழ்வதற்கான அரணாகிவிடலாகாது. பிற சமூக மாணவர்களின் இலக்கியத்தையும் வரலாற்றையும் சமயத்தையும் முறையாகக் கற்று, நமது மரபை அவர்களுக்கு அவர்களின் மொழியில் எடுத்துரைக்கவும் அவை பயிற்சியளித்தல் வேண்டும். நம் மத்ரஸாக்களிலும் ஷாபிஈ மாணவரும் ஹனஃபி மாணவரும் அடுத்தவரின் சட்ட மரபை மதிப்புடன் பயிலும் நிலை வளரவேண்டும்.

மூன்றாவதும் முதன்மையானதும் நீதியாகும். மஃரிப் மாணவரின் உரிமை பறிக்கப்பட்டபோது மேல் எகிப்தின் ஷெய்க் எழுந்து நின்றார். நம் வளாகங்களில் நம்மைச் சாராத ஒரு மாணவனுக்கு, அவன் எந்த இனத்தவனாகவோ மதத்தவனாகவோ சாதியினனாகவோ இருப்பினும், அநீதி இழைக்கப்படும்போது நாம் எங்கே நிற்கின்றோம் என்பதே நாம் பன்மைத்துவத்தை மதிக்கின்றோமா என்பதற்குச் சரியான பரீட்சையாகும். நமக்கு அநீதி நேரும்போது பிறர் நம்முடன் நிற்கவேண்டுமென எதிர்பார்க்கும் தகுதியையும் அதுவே நமக்குத் தரும்.

அல்அஸ்ஹரின் முஜாவிர்கள் தம் பெயருக்கேற்ப ஒருவருக்கொருவர் அயலவராய் வாழ முயன்றனர். சில காலங்களில் அதில் வென்றனர். சில காலங்களில் தவறினர். பல இனத்தவரும் மொழியினரும் கூடிப் பயிலும் இன்றைய வளாகங்களில் அம்முயற்சியைத் தொடரும் பொறுப்பு நம் இளைஞர்களைச் சார்ந்தது. அதற்கான வசதிகளையும் மனப்பக்குவத்தையும் அவர்களுக்கு அளிப்பது மூத்தோராகிய நம்மீதுள்ள கடமையாகும்.